இகுவானாக் குட்டியைப் பழக்குவது: கொத்தமல்லியோடு என் அனுபவம்

கையில் எடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடக்கிற இகுவானாக் குட்டியை (ஓணான் மாதிரி இருக்கிற பெரிய வெளிநாட்டுப் பல்லி) காட்டி, "பாருங்க, எவ்வளவு சாது" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். பெரும்பாலும் அது பயத்தில் உறைந்து போயிருக்கும், இல்லையென்றால் உடம்பில் சூடு ஏறாமல் இருக்கும், அதுவும் இல்லையென்றால் நோயில் இருக்கும். நன்றாகத் தின்று, நன்றாக வெயில் காய்ந்த குட்டி உங்கள் கையைக் கண்டாலே ஓடும். மூலையில் மாட்டிக்கொண்டால் வாலைச் சுழற்றி அடிக்கும். அப்படி ஓடுகிற குட்டியைத்தான் பழக்க முடியும்.

எங்கள் வீட்டு இகுவானா தம்பியின் உபயத்தில் வந்தது. ஆசைப்பட்டு வாங்கியவனுக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது. ஒரு மீன் தொட்டி, ஒரு மஞ்சள் பல்பு, அரைக் கட்டு கொத்தமல்லி சகிதமாகப் பெரம்பூரில் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அந்த வயதில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது. கூடவே வந்த கீரையின் பெயரையே என் மகள் அதற்கு வைத்துவிட்டாள். அம்மா மட்டும், "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டியேடி" என்றாள். அந்தப் பழமொழிக்கு இவ்வளவு பொருத்தமான சந்தர்ப்பம் அம்மாவுக்கு அதுவரை வாய்த்ததில்லை.

பச்சை இகுவானாவின் சொந்த ஊர் மெக்சிகோவிலிருந்து பிரேசில் வரைக்கும் உள்ள நாடுகளும் சில கரீபியன் தீவுகளும். ஆற்றோர மரங்களில் வாழ்கிற பிராணி. குட்டியைப் பார்த்தால் உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு, அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு நீளத்தில் வால். இது இப்படியே இருக்கும் என்று நினைத்துத்தான் பலர் வாங்குகிறார்கள். சரியாக வளர்த்தால் சில வருடங்களில் வாலோடு சேர்த்து நாலு, ஐந்து அடி வந்துவிடும். ஆயுள் 15 வருடத்துக்கு மேலும் போகும். இந்த இரண்டு விஷயத்தையும் விற்ற கடைக்காரர் தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் "வெள்ளரிக்காய் போடுங்க, அப்பப்போ பூச்சி போடுங்க, போதும்" என்பதுதான். இரண்டுமே தப்பு. இகுவானா முட்டையை விட்டு வந்த நாளிலிருந்தே இலை தின்கிற ஜாதி. பூச்சி, முட்டை, கறி என்று புரதத்தை ஏற்றினால் நாளடைவில் சிறுநீரகம் கெட்டுப்போகும். வெள்ளரியில் தண்ணீரைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை.

பழக்குவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் சூட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள இகுவானாவால் முடியாது. தின்ற இலை செரிப்பதே குடலில் இருக்கும் நுண்ணுயிர்களின் வேலை. உடம்பு சூடாக இருந்தால்தான் அவை ஒழுங்காக வேலை செய்யும். (காட்டில் குட்டிகள் அந்த நுண்ணுயிர்களைப் பெறுவது பெரிய இகுவானாக்களின் எச்சத்தைத் தின்று. இதை அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை.) வெயில் காய்கிற கிளைக்குப் பக்கத்தில் 35 டிகிரி செல்சியஸ் அல்லது கொஞ்சம் அதிகம், கூண்டின் மறுகோடியில் 27, 28, ராத்திரியில் 23க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது. இவ்வளவுதான் கணக்கு. இரண்டு பக்கமும் ஒரு வெப்பமானி மாட்டிவிடுங்கள், கையை வைத்துப் பார்த்துக் கணிக்க வேண்டாம்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இதில் பாதி இலவசமாகவே கிடைக்கிறது. காற்றில் ஈரமும் இருக்கிறது. இங்கே எமன் ஏ.சி. அறைதான். தம்பி தொட்டியை வைத்திருந்தது ஏ.சி. ஓடும் படுக்கையறையில். குட்டி நாள் முழுக்க மங்கிய பழுப்பு நிறத்தில் ஒரு மூலையில் கிடக்கும், அவன் எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வான், "ரொம்ப ஃப்ரெண்ட்லி அக்கா" என்பான். எங்கள் வீட்டுக் கூடத்துக்கு மாற்றிச் சூடு சரியாகக் கிடைத்த பிறகு அதே குட்டி பச்சைப் பசேலென்று ஆனது, கதவைத் திறந்தால் தலைதெறிக்க ஓடியது. "உங்கிட்ட வந்து கெட்டுப்போச்சு" என்று தம்பி வீடியோ காலில் வருத்தப்பட்டான். எனக்கு அன்றுதான் நிம்மதியாக இருந்தது. மார்கழி விடியற்காலையில் மட்டும் வெளிச்சம் தராத பீங்கான் ஹீட்டர் ஒன்று போடுகிறோம். கடைகளில் விற்கிற சூட்டுக்கல் வேண்டாம். அடிவயிறு சுடுவது அதற்குத் தெரியாமலே தோல் வெந்துவிடும்.

மீன் தொட்டியும் ஒத்துவரவில்லை. மரத்தில் ஏறுகிற பிராணிக்கு நீளத்தைவிட உயரம் முக்கியம். எங்கள் தெரு ஆசாரி ஒரு பழைய ஷோகேஸின் கண்ணாடியை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் பூசிய கம்பி வலை அடித்துக் கொடுத்தார். வெறும் இரும்பு வலை என்றால் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். உள்ளே கொய்யாக் கிளைகள் வைத்தோம். கொய்யா வழவழப்பாகவும் கெட்டியாகவும் இருக்கும், பிசின் வடியாது.

அடுத்தது வெயில். சூடு வேறு, வெயில் வேறு. வெயிலில் இருக்கும் யு.வி.பி. என்கிற புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகும், அது இருந்தால்தான் தின்ற கால்சியம் எலும்பில் சேரும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை அநேகமாக முழுவதும் தடுத்துவிடும், அதனால் ஜன்னலோரம் வைப்பது கணக்கில் சேராது. மொட்டை மாடியில் காலை வெயிலில், வலைக்கூண்டில், பாதிக் கூண்டை ஈரத்துணியால் மூடி நிழலாக்கி அரை மணி நேரம் வைத்தால் போதும். கண்ணாடித் தொட்டியை மட்டும் வெயிலில் வைத்துவிடாதீர்கள். சில நிமிடங்களில் உள்ளே இருப்பது வெந்துவிடும். காக்கையும் பூனையும் சுற்றும் என்பதால் பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். எங்கள் மாடியில் முதல் நாளே காக்கைகள் சுவர்மேல் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டன. அம்மா வடகம் காயப்போடுகிற குச்சியோடு காவலுக்கு வந்ததில்தான் அவளுக்கும் கொத்தமல்லிக்கும் பரிச்சயம் ஆரம்பித்தது. மழைக்காலத்துக்கும் மாடி வசதி இல்லாதவர்களுக்கும் ஊர்வனவற்றுக்கென்றே விற்கிற யு.வி.பி. குழல் விளக்கு உண்டு. பல்புக்கும் கிளைக்கும் நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ வரக்கூடாது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் கதிர் தேய்ந்துவிடும், மாற்றித்தான் ஆக வேண்டும்.

சாப்பாட்டில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு யோகம். வெளிநாட்டுக் குறிப்புகளில் வருகிற கீரைகளைத் தேடி சூப்பர் மார்க்கெட்டில் அலைய வேண்டியதே இல்லை. இகுவானாவுக்கு வேண்டியது கால்சியம் அதிகமாகவும் பாஸ்பரஸ் குறைவாகவும் இருக்கிற இலை. முருங்கைக்கீரை 100 கிராமில் 440 மில்லிகிராம் கால்சியம், 70 மில்லிகிராம் பாஸ்பரஸ். அகத்திக்கீரையில் கால்சியம் 1130. இவை நம் நாட்டுப் பழைய உணவு அட்டவணைகளில் இருக்கிற கணக்கு. இந்த இரண்டோடு செம்பருத்தி இலை, செம்பருத்திப் பூ, கொஞ்சம் துருவிய பரங்கிக்காய், பீன்ஸ், எப்போதாவது ஒரு துண்டு பப்பாளி. கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் வாசனைக்கு. பசலை, பாலக், அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை இவற்றில் ஆக்சலேட் அதிகம். இருக்கிற கால்சியத்தையும் அது கட்டிப்போட்டுவிடும், அதனால் தினம் போடுகிற கீரையாக இவை வேண்டாம். முட்டைக்கோஸும் அடிக்கடி கூடாது. இகுவானா மென்று தின்னாது, கிழித்து விழுங்கும். அதனால் குட்டிக்கு எல்லாவற்றையும் பொடிப்பொடியாக அரிந்து போட வேண்டும். காலையில், கொஞ்ச நேரம் வெயில் காய்ந்த பிறகு போடுங்கள். சாயங்காலம் போட்டால் விளக்கை அணைத்த பிறகு வயிற்றிலேயே கிடக்கும். கடைக் கீரையில் மருந்து அடித்திருப்பார்களோ என்ற கவலை எனக்கு உண்டு. மாடியில் ஒரு பெரிய தொட்டியில் முருங்கைக் கொம்பு நட்டு, பக்கத்தில் செம்பருத்தியும் வைத்தோம். இப்போது குழம்புக்குப் போனது போக மீதிதான் அதற்கு என்பது அம்மாவின் சட்டம்.

இனி பழக்குவது. இகுவானாவின் தலை உச்சியில் வெளிறிய செதில் ஒன்று தெரியும். அது மூன்றாவது கண். உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் தெரியும். காட்டில் மேலிருந்து விழுகிற நிழல் என்றால் பருந்து என்று அர்த்தம். மேல்மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டு எடுக்கிற ஒவ்வொரு தடவையும் நாம் பருந்தாகத்தான் வருகிறோம். மீன் தொட்டியில் வளர்க்கிற குட்டிகள் பழகாமலே போவதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். கூண்டுக்கு முன்பக்கம் கதவு வையுங்கள். கை எப்போதும் பக்கவாட்டில், அதன் முகத்துக்குக் கீழாக வரட்டும்.

முதல் சில வாரங்கள் நான் தொடவே இல்லை. கூண்டை நம் கண் உயரத்துக்கு வைத்துவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பது, காய் நறுக்குவது, போன் பேசுவது. நாம் இருக்கிறோம், ஒன்றும் நடக்கவில்லை என்பது அதற்குப் பதிவாக வேண்டும். நான் உடுத்திய பழைய காட்டன் துப்பட்டா ஒன்றைத் துவைக்காமல் கிளையில் போட்டு வைத்தேன். இகுவானா நாக்கால்தான் வாசனை பார்க்கும், நம் வாசனை அதற்குத் தூங்குகிற இடத்தின் வாசனையாக மாறட்டும் என்பது யோசனை. பயந்தால் அந்தத் துப்பட்டாவுக்குள் போய் ஒளிகிற பழக்கம் வந்தது. பிற்பாடு தூக்கும்போது துப்பட்டாவோடு சேர்த்துத் தூக்க அது ரொம்ப உதவியாக இருந்தது.

அப்புறம் செம்பருத்தி. கதவைத் திறந்து, ஒற்றை இதழின் காம்புப் பக்கத்தை விரலில் பிடித்துக்கொண்டு, கையைக் கிளைமேல் வைத்துவிட்டுச் சும்மா இருப்பேன். பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காலையில் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னையும், திருப்பி மறு கண்ணால் இதழையும் பார்த்தது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கியது, அப்படியே அந்தரத்தில் வைத்திருந்தது. நாக்கு வெளியே வந்தது. இளஞ்சிவப்பு நாக்கு, நுனி மட்டும் அடர் சிவப்பு. இதழைத் தொட்டுவிட்டு உள்ளே போனது, மறுபடி வந்து என் விரல் நகத்தைத் தொட்டது. பிறகு இதழை ஒரே இழுப்பில் பிடுங்கிக்கொண்டு கிளையின் கோடிக்கு ஓடிப்போய்த் தின்றது. அதுபோதும் என்று கையை எடுத்துக்கொண்டேன். அன்றைக்கே தடவிக் கொடுக்கிற ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். பல பேர் காரியத்தைக் கெடுப்பது அந்த இடத்தில்தான்.

கையிலிருந்து வாங்கித் தின்பது வழக்கமான பிறகு, தாடைக்குக் கீழே ஒரு விரலால் தொடுவது. பிறகு தோளோரம். முதுகும் தலையும் கடைசியில். தொடும்போது கண்ணை மூடினால் "ரசிக்கிறது" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தப்பிக்க வழியில்லாதபோது பார்க்காமல் இருந்துவிடலாம் என்று மூடிக்கொள்வதும் உண்டு. உடம்பு தளர்ந்து, பச்சை நிறம் மாறாமல், மூச்சு நிதானமாக இருந்தால் சரி. விறைத்து, கருத்து, தாடைத் தோலை விரித்துத் தொங்கவிட்டு, உடம்பைத் தட்டையாக்கிப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினால் "போ" என்கிறது. போய்விடுங்கள். ஆனால் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கையில் இருக்கும்போது துள்ளினால் அந்த நொடியே கூண்டில் விட்டுவிடக்கூடாது. துள்ளினால் விடுதலை என்று பாடம் படித்துவிடும். நெஞ்சோடு சேர்த்து, துப்பட்டாவில் தளர்வாகச் சுற்றி, கொஞ்சம் அடங்கும்வரை இருந்து, பிறகு விட வேண்டும்.

தூக்கும்போது நாலு காலுக்கும் பிடிமானம் வேண்டும். உள்ளங்கை வயிற்றுக்கு அடியில், முன்னங்கை வாலுக்கு அடியில். வாலைப் பிடித்து மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பல்லி மாதிரியே கழற்றிவிட்டு ஓடும். திரும்ப முளைக்கும், ஆனால் பழைய வால் மாதிரி இருக்காது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். நகம் ஊசி மாதிரி கிழிக்கும், அது கோபத்தில் இல்லை, ஏறுவதற்காக. நகவெட்டியால் நுனியை மட்டும் வெட்டலாம், உள்ளே ரத்தக்குழாய் இருக்கிறது. ரத்தம் வந்துவிட்டால் சோளமாவை (கார்ன்ஃபிளார்) வைத்து அழுத்தினால் நிற்கும்.

வெளியே விட்டுப் பழக்க எங்களுக்கு உதவியது குளியலறை. சின்ன இடம், ஒளிவதற்கு ஒன்றும் இல்லை. வாளியைக் காலி செய்து, கழிப்பறை மூடியையும் தண்ணீர் போகிற துவாரத்தையும் அடைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன். அறையிலேயே ஏறுவதற்கு இருக்கிற ஒரே மரம் நான்தான் என்பதால் கொஞ்ச நேரத்தில் முழங்காலில் ஏறிவிடும். அங்கேயே அகலமான பேசினில் தோள் மூழ்காத அளவு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டால் இறங்கி நிற்கும். தண்ணீரில் எச்சம் போடுகிற சுபாவம் அதற்கு. தினம் ஒரே நேரத்தில் இறக்கிவிட்டால் கூண்டுக்குள் அசுத்தம் செய்வது அநேகமாக நின்றுவிடும். அந்த பேசின் வேறு எதற்கும் பயன்படக்கூடாது. ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கும், அதற்கு ஒன்றும் செய்யாது, நமக்குச் செய்யும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது, சமையலறைப் பாத்திரங்களின் பக்கமே விடாதது, முத்தம் கொடுக்காதது. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கிற வீட்டில் இகுவானாவே வேண்டாம்.

ஒரு நாள் அம்மா பதறிப்போய் கூப்பிட்டாள். "இங்க வந்து பாரு, இதுக்கு ஜலதோஷம். தும்மித் தும்மி மூக்கெல்லாம் வெள்ளையாப் பூத்திருக்கு." அது ஜலதோஷம் இல்லை, உப்பு. உடம்பில் மிஞ்சுகிற உப்பை மூக்கு வழியாகத் தும்மி வெளியேற்றும். ஷோகேஸ் பலகையில் வெள்ளைப் புள்ளிகள் படிந்தால் துடைத்துவிட வேண்டியதுதான். கவலைப்பட வேண்டியது வேறு விஷயங்களுக்கு. வாய் திறந்தபடி மூச்சு விடுவது, கால் விரல்கள் துடிப்பது, தாடை மெத்தென்று ஆவது, தொடை வீங்கிக் கெட்டியாவது. கடைசியாகச் சொன்னதைப் பார்த்து "நல்லா சதை போட்டிருக்கு" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அது கால்சியம் போதாமல் எலும்பு இளகுவதன் அடையாளம். தோல் இகுவானாவுக்குத் துண்டு துண்டாக உரியும். விரலைச் சுற்றியும் வால் நுனியிலும் பழைய தோல் வளையமாக இறுகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ரத்த ஓட்டம் நின்று அந்த நுனியே காய்ந்து விழுந்துவிடும். வாங்குவதற்கு முன்பே ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் பக்கத்தில் யார் என்று விசாரித்து வையுங்கள். நாங்கள் முதலில் போன இடத்தில் "நாங்க நாய், பூனைதான் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார்கள். அதுவாவது நேர்மை. அடுத்தவர் எச்சத்தைப் பரிசோதித்துக் குடற்புழுவுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்.

சட்ட விஷயம் ஒன்று. மாடியில் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அண்ணன், "உடும்பு வளர்க்கிறீங்களா, போலீஸ் பிடிக்கும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நம் ஊர் உடும்பு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வீட்டில் வைத்திருப்பது குற்றம். இகுவானா வெளிநாட்டுப் பிராணி, வளர்க்கலாம், ஆனால் பதிவு செய்ய வேண்டும். காட்டு உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இகுவானா இருக்கிறது. 2022இல் திருத்தப்பட்ட சட்டமும் 2024இல் வந்த பதிவு விதிகளும் சொல்வது, அந்த ஒப்பந்தத்தின் பட்டியல்களில் உள்ள பிராணி நம் கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்று. கைமாறினாலும், குட்டி பிறந்தாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். வாங்கும்போதே ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது தர யோசிக்கிற கடையில் வாங்க வேண்டாம். வளர்க்க முடியாமல் போனால் ஏரியோரம் கொண்டுபோய் விடுகிற வேலையும் வேண்டாம். ஃபுளோரிடாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் தைவானிலும் அப்படித் தப்பியதும் விடப்பட்டதுமாகப் பெருகியதால்தான் இன்று அங்கே இகுவானாக்களை வேட்டையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

"நானும் ஒண்ணு வாங்கட்டுமா?" என்று கேட்பவர்களிடம் நான் இரண்டு கேள்வி கேட்பேன். ஆள் உயரக் கூண்டுக்கு வீட்டில் இடம் இருக்கிறதா, நீங்கள் ஊருக்குப் போனால் தினம் காலையில் யார் கீரை அரிவார்கள்? பெண் என்றால் இன்னொன்றும் உண்டு. ஆண் துணை இல்லாமலே முட்டை வைக்கும், மண் நிரப்பிய பெட்டி தயாராக இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகலாம். ஆண் என்றால் இனப்பெருக்கக் காலத்தில், பழகினதே கடிக்கவும் வரும்.

கொத்தமல்லி எந்தப் பக்கம் என்று இன்னும் தெரியவில்லை. ஷோகேஸ் இப்போதே போதவில்லை. ஆசாரி வந்து பால்கனியை அளந்துவிட்டு, ஆறடிக்குக் கூண்டு வேண்டுமென்றால் வாஷிங் மெஷினை நகர்த்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். நகர்த்தக்கூடாது என்று அம்மா. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.